அடுப்படிக்கு எது, படுக்கை அறைக்கு எது? வெப்ப உணர்விகள் குறித்து வாசகர் கேள்விகள்

தீ எச்சரிக்கை அமைப்புகளைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியதைத் தொடர்ந்து வந்த கடிதங்களில் பல, காரைக்குடியிலிருந்தும் அதைச் சூழ்ந்த ஊர்களிலிருந்தும் வந்தவை. அவை பெரும்பாலும் வெப்ப உணர்விகளைப் பற்றியவையாக இருந்ததால் அவற்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். கடையில் கேட்கும்போது ஹீட் டிடெக்டர் என்று கேளுங்கள்.

கேள்வி (கானாடுகாத்தான்): ஐயா, எங்கள் பூர்விக வீட்டின் முன்கட்டையும் மாடியையும் விருந்தினர் விடுதியாக மாற்றி வருகிறோம். புகை உணர்வி வைத்தால் சாம்பிராணிக்கும் கொசுவர்த்திக்கும் அலறிக்கொண்டே இருக்கும், ஆகவே வீடு முழுவதும் வெப்ப உணர்வியே வைத்துவிடலாம் என்கிறார் ஒப்பந்தக்காரர். விலையும் குறைவுதான். அவ்வாறு செய்யலாமா?

பதில்: அடுப்படிக்கு அவர் சொல்வது சரி, விருந்தினர் உறங்கும் அறைகளுக்குச் சரியல்ல.

வெப்ப உணர்வி தன்மீது படும் காற்றின் சூட்டை மட்டுமே அறியும். குறித்த சூட்டை எட்டியதும் ஒலிக்கச் செய்யும் நிலைவெப்ப வகையே பரவலாக விற்கப்படுகிறது; அது ஏறத்தாழ 57 டிகிரி செல்சியஸில் இயங்குகிறது. அறையின் கூரையடிக் காற்று அந்தச் சூட்டை எட்ட வேண்டுமென்றால், கீழே நெருப்பு ஏற்கெனவே நாக்கு நீட்டி எரிந்துகொண்டிருக்க வேண்டும். உங்கள் வீட்டைப் போல உயர்ந்த கூரையுள்ள அறைகளில் சூடான காற்று மேலே ஏறும்போதே சுற்றியுள்ள காற்றோடு கலந்து தணிந்துவிடுவதால், அந்த நிலை வர இன்னும் நேரமாகும். இலவம்பஞ்சு மெத்தை ஒன்றில் சிகரெட்டின் கங்கு விழுந்தால் அது வெகுநேரம் சுடர் இல்லாமல் புகைந்துகொண்டே இருக்கும். அந்தப் புகையும் அதிலுள்ள கார்பன் மோனாக்சைடும் உறங்குபவரைச் செயலிழக்கச் செய்துவிட்ட பிறகும் கூரையில் உள்ள வெப்ப உணர்வி அமைதியாகவே இருக்கக்கூடும். உறக்கத்தில் இருப்பவர் புகை நாற்றத்தால் விழித்துக்கொள்வார் என்று நம்பியிருக்க முடியாது. உயிரைக் காக்க வேண்டிய இடத்தில் புகை உணர்வியும், புகையும் ஆவியும் தூசும் அன்றாடம் இருக்கும் இடத்தில் வெப்ப உணர்வியும் என்பதே நடைமுறை.

சாம்பிராணியைப் பற்றிய கவலை நியாயமானதுதான். சாமி அறையில் மட்டும் வெப்ப உணர்வியை வையுங்கள். அதன் வாசலிலிருந்து புகை உணர்வியைத் தள்ளிப் பொருத்துங்கள். விருந்தினர் அறைகளுக்குப் புகை, வெப்பம் இரண்டையும் சேர்த்துக் கணிக்கும் கூட்டு உணர்விகள் கிடைக்கின்றன. செலவு கூடினாலும் பொய் அலறல் குறையும். கொசுவர்த்திக்குப் பதில் சன்னலுக்கு வலை அடிப்பது இரண்டையும்விட மலிவு.

கேள்வி (காரைக்குடி): தேன்குழல், சீப்புச் சீடை, அதிரசம் முதலியவற்றைப் பெரிய அளவில் செய்து அனுப்புகிறோம். எண்ணெய்ச் சட்டிகள் உள்ள கூடத்தில் வெப்ப உணர்விகள் வைத்திருக்கிறோம். காலையில் அடுப்புகளை ஒன்றாகப் பற்றவைக்கும்போதெல்லாம் சங்கு ஒலிக்கிறது. உணர்வி பழுதா?

பதில்: பழுதாக இருக்க வாய்ப்பு குறைவு. உங்களுக்குப் பொருத்தப்பட்டிருப்பது வெப்பம் ஏறும் வேகத்தைக் கணிக்கும் வகை என்று தெரிகிறது. இதன் பழைய வடிவத்தில் மூடிய காற்றறை ஒன்றும், அதில் மிக நுண்ணிய துளை ஒன்றும் இருக்கும். சூடு மெல்ல ஏறினால் விரிவடையும் காற்று துளை வழியே வெளியேறிவிடும். திடீரென ஏறினால் வெளியேற நேரமில்லாமல் உள்ளிருக்கும் மெல்லிய தகட்டை உந்தி மின்தொடர்பை ஏற்படுத்திவிடும். இப்போதைய கருவிகளில் அதே வேலையை, சூட்டுக்கேற்ப மின்தடை மாறும் தெர்மிஸ்டர்கள் செய்கின்றன. நிமிடத்துக்கு ஏறத்தாழ 8 டிகிரி ஏற்றம் இருந்தால் இவை இயங்கும். வரிசையாக அடுப்புகளைப் பற்றவைக்கும் கூடத்தில் அந்த ஏற்றம் நாள்தோறும் நிகழ்வதுதான். கருவி தன் வேலையைச் சரியாகவே செய்கிறது, இடம்தான் அதற்கு உரியதல்ல.

மாற்ற வேண்டியது வகையை. ஐரோப்பியத் தரமான இ.என். 54, வெப்ப உணர்விகளை வகுப்புகளாகப் பிரித்திருக்கிறது. ஏ1 வகுப்பு, கூரையடியில் சாதாரணமாக 50 டிகிரிக்கு மேல் போகாத இடங்களுக்கு உரியது. 54க்கும் 65க்கும் இடையே இயங்கும். பி வகுப்பு 65 டிகிரி வரை எழக்கூடிய இடங்களுக்கு. 69க்கும் 85க்கும் இடையே இயங்கும். சி வகுப்பு 80 டிகிரி வரை தாங்கும். 84க்கும் 100க்கும் இடையே இயங்கும். வகுப்பின் பெயரோடு ஆர் என்ற குறி இருந்தால் ஏறும் வேகத்தையும் அது கணிக்கும் என்று பொருள். எஸ் என்ற குறி இருந்தால், சூடு எவ்வளவு வேகமாக ஏறினாலும் தன் வகுப்பின் கீழ் எல்லையை எட்டாதவரை அது வாய் திறக்காது. சமையற்கூடங்களுக்கும் கொதிகலன் அறைகளுக்கும் எஸ் குறியுள்ளதே ஏற்றது.

எந்த வகுப்பு என்பதை ஊகித்து வாங்காதீர்கள். கத்திரி வெயில் நாளொன்றில், எல்லா அடுப்புகளும் எரியும் பிற்பகலில், உணர்வி இருக்கும் உயரத்திலேயே வெப்பமானி ஒன்றைக் கட்டி அளந்து பாருங்கள். தகரக் கூரையோ ஓட்டுக் கூரையோ என்றால் எண் உங்களை வியக்க வைக்கும். உணர்வி இயங்கும் வெப்பநிலை, அளந்த உச்சத்தைவிடக் குறைந்தது 11 டிகிரியாவது கூடுதலாக இருக்க வேண்டும் என்பது அமெரிக்க விதியான என்.எஃப்.பி.ஏ. 72 தரும் அளவு. அதற்காகத் தேவைக்கு மீறி உயர்ந்த வகுப்பை வைப்பதும் தவறு; ஒவ்வொரு டிகிரியும் எச்சரிக்கை தாமதமாகும் நேரமாகும்.

எண்ணெய்ச் சட்டிக்கு நேர் மேலே பொருத்துவதையும் தவிருங்கள். எண்ணெய்ப் பசை உணர்வியின் மீது படிந்து தடித்தால் சூடு உள்ளே செல்வது தாமதப்படும். மேலும், எண்ணெய்த் தீயில் தண்ணீர் ஊற்றக் கூடாது என்பதைப் பணியாளர் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும். சமையல் எண்ணெய்த் தீக்கென்று உள்ள ஈர வேதியியல் தீயணைப்பானைக் கூடத்தின் வாசலருகே வையுங்கள், அடுப்பருகே அல்ல.

கேள்வி (நாச்சியாபுரம்): அடுப்படியில் வெப்ப உணர்வி இருந்தால் சிலிண்டர் கசிவையும் அது காட்டிக்கொடுக்குமா?

பதில்: காட்டாது. அதற்கு வாயு உணர்வி தனியாக வேண்டும். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது என்பதால் அது தரையை ஒட்டிப் பரவும். ஆகவே வாயு உணர்வியைத் தரைக்குச் சற்று மேலேதான் பொருத்த வேண்டும். கூரையில் பொருத்திவிட்டுப் போகிறவர்களும் இருக்கிறார்கள்.

கேள்வி (பள்ளத்தூர்): எங்கள் வீட்டின் கூரை தேக்கு உத்திரங்களும் கட்டைகளுமாக இருக்கிறது. பின்கட்டு ஓட்டுச் சரிவு. உணர்விகளை எங்கே, எவ்வளவு இடைவெளியில் பொருத்துவது? சுவர்களை வெட்டாமல் கம்பி கொண்டுபோக முடியுமா?

பதில்: நம் நாட்டில் இதற்கான நடைமுறை விதி ஐ.எஸ். 2189, 2008ஆம் ஆண்டுப் பதிப்பு அது. வேலையை ஏற்பவர் அதன்படி வரைபடம் தர வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். வரைபடத்தை நீங்களே சரிபார்க்க உதவும் சில அளவுகளைச் சொல்கிறேன்.

பிரிட்டனின் விதியான பி.எஸ். 5839, அறையின் எந்தப் புள்ளியிலிருந்தும் அருகிலுள்ள வெப்ப உணர்விக்குக் கிடைமட்டத் தூரம் 5.3 மீட்டரைத் தாண்டக் கூடாது என்கிறது. சதுரக் கட்டமாகக் கணக்கிட்டால் உணர்விக்கு உணர்வி 7.5 மீட்டர். புகை உணர்விக்கு அந்த 5.3 என்பது 7.5 ஆகும் என்பதால், புகை உணர்விக்காகப் போட்ட வரைபடத்தில் கருவியை மட்டும் வெப்ப உணர்வியாக மாற்றினால் இடையிடையே காவலற்ற பகுதிகள் உண்டாகிவிடும். செலவைக் குறைக்கச் செய்யப்படும் இந்த மாற்றத்தை நான் அடிக்கடி காண்கிறேன்.

சூடான காற்று கூரையை எட்டியதும் அதன் அடியில் மெல்லிய படலமாகப் பரவுகிறது. அந்தப் படலத்துக்குள் உணர்வி இருக்க வேண்டும். எனவே அதன் உணரும் பகுதி கூரையிலிருந்து 25 மில்லிமீட்டர் முதல் 150 மில்லிமீட்டர் வரை கீழே இருக்கலாம், அதற்கு மேல் தொங்கக் கூடாது. அழகுக்காக நீண்ட குழாயில் தொங்கவிடுவது உதவாது. சுவரும் கூரையும் சேரும் மூலையில் காற்று அசைவற்று நிற்கும்; சுவரிலிருந்து அரை மீட்டராவது தள்ளிப் பொருத்துங்கள். மின்விசிறிக்கும் குளிர்சாதனத்தின் காற்று வாய்க்கும் நேராகவும் வேண்டாம்.

உத்திரங்கள்தான் நம் வீடுகளில் சிக்கலான பகுதி. உத்திரத்தின் ஆழம் கூரை உயரத்தில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டினால் அதைச் சுவராகவே கருத வேண்டும் என்கிறது அதே பிரிட்டன் விதி. கூரை 4.5 மீட்டர் உயரத்தில் இருந்து, உத்திரம் 50 சென்டிமீட்டர் இறங்கினால், அந்த உத்திரத்தின் இருபுறமும் தனித்தனி அறைகள் என்றே கணக்கு. இருபுறமும் உணர்வி வேண்டும். உத்திரங்களின் மேல் நெருக்கமாக அடுக்கிய கட்டைகள் இருந்தால், அமெரிக்க விதிப்படி உணர்வியைக் கட்டைகளின் அடிப்பக்கத்தில் பொருத்தி, கட்டைகளுக்குக் குறுக்கான திசையில் இடைவெளியைப் பாதியாகக் குறைக்க வேண்டும். ஓட்டுச் சரிவில் உணர்வி வரிசையொன்று முகட்டை ஒட்டி வர வேண்டும். சூடு அங்கேதான் சேரும். முகப்புக் கூடத்தின் கூரை இரண்டு மாடி உயரம் என்றால் வெப்ப உணர்வியை அங்கே மறந்துவிடுங்கள். பிரிட்டன் விதிப்படி ஏ1 வகுப்புக்கே 9 மீட்டரும் மற்றவற்றுக்கு 7.5 மீட்டரும்தான் உயர எல்லை.

வானம் பார்த்த வளவில் உணர்வி வைத்துப் பயனில்லை. சூடும் புகையும் மேலே போய்விடும். வளவைச் சுற்றியுள்ள அறைகளுக்குள் வைத்து, சுற்றுத் தாழ்வாரத்தில் கையால் உடைத்து ஒலிக்கச் செய்யும் சிவப்புப் பெட்டிகளைத் தரையிலிருந்து ஏறத்தாழ 1.4 மீட்டர் உயரத்தில் பொருத்துங்கள். வளவுக்கு மேலே பாலிகார்பனேட் தகடு போட்டு மூடும் வழக்கம் இப்போது பரவி வருகிறது. வீட்டின் மூச்சை அடைக்கும் வேலை அது என்பது என் கருத்து. அது ஒருபுறமிருக்க, மூடிவிட்டால் வளவு கணக்கில் ஓர் அறையாகிவிடும், தகட்டின் அடியில் தேங்கும் பகல் சூட்டையும் அளந்தே உணர்வியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

சுவரை வெட்ட வேண்டியதில்லை. அந்தச் சுண்ணாம்புப் பூச்சை ஒருமுறை வெட்டினால் அதே மெருகோடு மூடித் தரும் கொத்தனார் இன்று எளிதில் கிடைப்பதில்லை. தீயைத் தாங்கும் செப்புக் கம்பி வடத்தை உத்திரத்தின் மேல்விளிம்பை ஒட்டி, மரத்தின் நிறத்துக்கு இசைந்த கவ்விகளால் பிடித்துக் கொண்டுபோகலாம். பிளாஸ்டிக் கவ்வி தீயில் உருகி வடம் தொங்கிவிடும் என்பதால் உலோகக் கவ்வியே வேண்டும். சித்திர வேலைப்பாடுள்ள மரத்தில் துளையிடாமல், ஆசாரியைக் கொண்டு சிறு பலகை ஒன்றைக் கட்டைகளுக்கு இடையே பொருத்தச் செய்து அதில் உணர்வியின் அடித்தட்டைத் திருகிக்கொள்ளுங்கள். கம்பியில்லா உணர்விகளும் இருக்கின்றன. கனத்த சுவர்களை அலை ஊடுருவுகிறதா என்று ஒவ்வொரு இடத்திலும் சோதித்த பிறகே வாங்குங்கள்.

கேள்வி (புதுவயல்): வெள்ளையடித்தபோது உணர்விகளின் மீதும் வண்ணம் பட்டுவிட்டது. தின்னரால் துடைத்தால் போதுமா?

பதில்: போதாது. வண்ணப் படலம் சூட்டைத் தடுக்கும், துளைகளை அடைக்கும். தின்னர் பிளாஸ்டிக்கை அரிக்கும். வண்ணம் பட்டவற்றை மாற்றிவிடுங்கள். அடுத்த முறை வேலை தொடங்கும் முன் உறையிட்டு மூடச் சொல்லுங்கள், வேலை முடிந்த அன்றே அந்த உறையை எடுத்துவிட்டார்களா என்பதையும் பாருங்கள்.

கேள்வி (தேவகோட்டை): திருமண மண்டபத்தின் மேலாளராக இருக்கிறேன். பராமரிப்பு நிறுவனத்தினர் ஆண்டுதோறும் வந்து, நீண்ட கோலின் முனையில் உள்ள புட்டியால் எல்லா உணர்விகளின் மீதும் செயற்கைப் புகையைத் தெளித்துவிட்டு, சான்றிதழ் தந்துவிட்டுப் போகிறார்கள். சமையற்கட்டில் உள்ளவற்றுக்கும் அப்படியே. இது சரியான சோதனையா?

பதில்: சமையற்கட்டில் உள்ளவை வெப்ப உணர்விகள் என்றால், அவர்கள் செய்தது சோதனையே அல்ல. புகையைத் தெளித்தால் வெப்ப உணர்வி இயங்காது. இயங்காத கருவிக்கு எதை வைத்துச் சான்றிதழ் தந்தார்கள் என்று எழுத்து மூலம் கேளுங்கள்.

முதலில், உங்கள் உணர்வி மீளும் வகையா, ஒருமுறை மட்டும் இயங்கும் வகையா என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். தெர்மிஸ்டர், ஈருலோகத் தகடு போன்றவற்றால் ஆனவை சூடு தணிந்ததும் பழைய நிலைக்குத் திரும்பும். குறைந்த சூட்டில் உருகும் உலோகக் கலவையால் ஆனது உருகிவிட்டால் அதோடு அதன் ஆயுள் முடிந்தது. அதைச் சூடேற்றிச் சோதிக்கக் கூடாது, மின்தொடர்பை மட்டுமே சோதிக்கலாம். அத்தகையவற்றை 15 ஆண்டுகளில் மாற்ற வேண்டும், அல்லது நூற்றுக்கு இரண்டு வீதம் கழற்றி ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும் என்பது அமெரிக்க விதி.

மீளும் வகையை உண்மையான சூட்டால்தான் சோதிக்க வேண்டும். கோலின் முனையில் கிண்ணம் போன்ற சூடேற்றி உள்ள கருவி இதற்கென்றே இருக்கிறது. இல்லையெனில் தலைமுடி உலர்த்தியைச் சற்றுத் தள்ளிப் பிடித்துப் பயன்படுத்தலாம். தீக்குச்சி, லைட்டர், மெழுகுவத்தி இவை வேண்டவே வேண்டாம். கரி படியும், பிளாஸ்டிக் உருகும், பந்தல் துணி தொங்கும் மண்டபத்தில் அதுவே தீயாகவும் முடியலாம். சூடு பட்டதும் உணர்வியின் சிறு விளக்கு எரிந்து நிலைக்க வேண்டும், உணர்விகள் எல்லாம் இணையும் கட்டுப்பாட்டுப் பெட்டியான பேனலில் சரியான பகுதியின் பெயர் வர வேண்டும், மண்டபத்தின் கடைசி மூலை வரை சங்கு கேட்க வேண்டும். சமையற்கட்டைச் சூடேற்றும்போது பேனல் மணமகள் அறை என்று காட்டினால், தீயன்று எல்லாரும் தவறான பக்கம் ஓடுவார்கள்.

அடுத்து, பலர் செய்யாத சோதனை ஒன்றையும் கேட்டு வாங்குங்கள். ஒரு உணர்வியை அடித்தட்டிலிருந்து கழற்றச் சொல்லுங்கள். பேனலில் பழுது என்ற மஞ்சள் விளக்கு எரிய வேண்டும். எரியவில்லை என்றால் கம்பிவழி கண்காணிப்பில் இல்லை. சாதாரணப் பேனல்களில் ஒவ்வொரு பகுதியின் கம்பிவழியும் கடைசி உணர்வியில் ஒரு மின்தடையோடு முடிய வேண்டும். அதன் வழியே ஓடும் சிறு மின்னோட்டத்தை வைத்தே வழி அறுந்திருக்கிறதா என்பதைப் பேனல் அறிகிறது. சிலர் வேலை மிச்சம் என்று அந்தத் தடையைப் பேனலுக்குள்ளேயே பொருத்திவிடுவார்கள், அல்லது நடுவில் கிளை பிரித்துவிடுவார்கள். அப்போது எலி கம்பியைக் கடித்துத் துண்டித்தாலும் பேனல் பச்சை விளக்கைக் காட்டிக்கொண்டே நிற்கும். எனக்குத் தெரிந்தவரை, சான்றிதழ் பெற்ற அமைப்புகளில் மறைந்திருக்கும் குறைகளில் மிக ஆபத்தானது இதுவே.

மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாளையும் பயன்படுத்திக்கொள்ளலாம். மின்சாரம் போன பிறகு மின்கலத்தில் மட்டும் 24 மணி நேரம் நின்று, அதன்பின் அரை மணி நேரம் சங்கையும் ஒலிக்கச் செய்ய வேண்டும் என்பதே பேனலின் மின்கலத்துக்கான பொதுவான அளவு. தடை முடியும் நேரத்தில் ஒரு உணர்வியைச் சூடேற்றிப் பாருங்கள். சங்கு முனகினால் மின்கலத்தை மாற்றும் காலம் வந்துவிட்டது.

சோதனைக்கு முன், பேனலோடு இணைந்த மின்தூக்கி, எரிவாயு வால்வு போன்றவற்றைத் தற்காலிகமாக விலக்கிவைத்து, முடிந்ததும் மறவாமல் மீண்டும் இணைக்க வேண்டும். முகூர்த்தம் இல்லாத மார்கழியில் எல்லா உணர்விகளையும் ஒருசேரச் சோதித்துப் பதிவேட்டில் ஒவ்வொன்றின் எண்ணோடும் எழுதச் சொல்லுங்கள். ‘அனைத்தும் நன்று’ என்ற ஒற்றை வரியை ஏற்காதீர்கள்.

கேள்வி (சென்னை): கோட்டையூரில் உள்ள எங்கள் வீடு ஆண்டின் பெரும்பகுதி பூட்டியே கிடக்கிறது. ஓட்டுக்கும் மரக் கூரைக்கும் இடையே உள்ள பரணில் பழைய மின்கம்பிகள் ஓடுகின்றன. ஆள் இல்லாத வீட்டில் எச்சரிக்கை அமைப்பு வைத்துப் பயன் உண்டா?

பதில்: ஒலிப்பதைக் கேட்க யாரேனும் இருந்தால் உண்டு. பேனலோடு சிம் அட்டை பொருத்திய அழைப்பான் ஒன்றை இணைத்து, அது முதலில் வீட்டுச் சாவி வைத்திருக்கும் உள்ளூர்க்காரரையும் அடுத்து உங்களையும் அழைக்குமாறு அமையுங்கள். தீயணைப்பு நிலையத்துக்கு 101 அல்லது 112இல் அவரே பேசட்டும். வீடு இருக்கும் தெருவையும், தீ முன்கட்டிலா பின்கட்டிலா என்பதையும் நேரில் சொல்ல ஒரு மனிதர் தேவை. இரண்டு தெருக்களுக்கு நீளும் வீட்டில் எந்த வாசலுக்கு வண்டி வர வேண்டும் என்பதே முதல் கேள்வியாக இருக்கும்.

பரணில் புகை உணர்வி வைத்தால் தூசும் பூச்சியும் வௌவாலும் அதைப் பொய்யாக ஒலிக்கச் செய்யும். அங்கே வெப்பத்தை உணரும் வடம் பொருத்தமானது. இரண்டு கம்பிகளை முறுக்கி, குறித்த சூட்டில் உருகும் உறையால் பிரித்து வைத்திருப்பார்கள். எந்த இடத்தில் சூடு ஏறினாலும் உறை உருகிக் கம்பிகள் ஒட்டிக்கொள்ளும். 68 டிகிரியில் இயங்குவது பரவலாகக் கிடைக்கிறது. ஆனால் ஓட்டின் அடியில் கோடையில் எவ்வளவு சூடு என்று அளந்து, தேவையானால் 88 டிகிரி வகையை வாங்குங்கள். பழைய மின்கம்பிகள் ஓடும் பாதையை ஒட்டியே அதைக் கொண்டுபோங்கள். அந்தக் கம்பிகளை மாற்றிவிட முடியுமென்றால் அதை முதலில் செய்யுங்கள்; வடம் தீயைச் சொல்லும், தடுக்காது.

பூட்டிய வீடுகளில் அமைப்பைக் கெடுப்பது பெரும்பாலும் மெயின் சுவிட்சுதான். ஊருக்குக் கிளம்பும்போது அதை அணைத்துவிட்டுப் போவது நம் வழக்கம். ஓரிரு நாளில் பேனலின் மின்கலம் அடிவரை வற்றி, அப்படியே மாதக்கணக்கில் கிடந்து வீணாகிவிடும். எலெக்ட்ரீஷியனிடம் சொல்லிப் பேனலுக்கும் அழைப்பானுக்கும் மட்டும் தனி எம்.சி.பி. (மிகை மின்னோட்டத்தில் தானே அணையும் சுவிட்சு) போட்டு, மற்ற இணைப்புகளை அணைத்தாலும் அது உயிரோடு இருக்குமாறு செய்துகொள்ளுங்கள். அதன்மீது சிவப்பு எழுத்தில் ‘அணைக்காதீர்’ என்று ஒட்டிவிடுங்கள். மின்கலத்தைப் பழுதாகும்வரை காத்திராமல் நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறையாவது மாற்றுங்கள். முன்னோரை வணங்கும் படைப்புக்கோ திருமணத்துக்கோ வீட்டைத் திறக்கும்போது உணர்விகளில் குளவி மண்கூடு கட்டியிருக்கிறதா, சிலந்தி வலை பின்னியிருக்கிறதா என்று பார்த்து, மென்மையான தூரிகையால் துடைத்த பிறகு ஒவ்வொன்றையும் சூடேற்றிச் சோதியுங்கள். பரணில் உள்ள வடத்தை மட்டும் சூடேற்றாமல், அதன் கடைசி முனையில் இரண்டு கம்பிகளையும் தொடவைத்துப் பாருங்கள்.